இரண்டாம் நாற்காலிக்காகப் பேசியவள்

ஜூன் 9

அன்புள்ள குண்டூசிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ஏறியதிலிருந்து ஏதோ பேசிக்கொண்டே வந்தார். எனக்குக் காது கேட்காது என்று சைகை காட்டினேன். அத்தோடு விடுவார் என்று பார்த்தால், மனசைத் திறக்க இதைவிட நல்ல ஆள் கிடைக்காது என்று நினைத்தாரோ என்னவோ, அதற்கப்புறம்தான் கண்ணைத் துடைத்துத் துடைத்துப் பேசினார். நானும் இறங்கும் வரை தலையாட்டினேன். எதற்கெல்லாம் சம்மதம் சொன்னேனோ, அவருக்குத்தான் தெரியும்.

அறை மூன்றாவது மாடியில். ஒரு கட்டில், ஒரு மேசை, எதிர்த்த கட்டடத்துச் சலவைக் கடையைப் பார்த்த ஜன்னல். பல்செட் செய்யும் படிப்பு நேற்றுத் தொடங்கியது. வகுப்பில் எல்லாரும் என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளசுகள். வாத்தியார் பலகையைப் பார்த்தபடி பேசுகிறார். என் பக்கம் திரும்பிப் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன் என்று எழுதிக் கொடுத்தேன். பாவம், இரண்டு நிமிஷம் நினைவு வைத்துக்கொள்கிறார், அப்புறம் பழையபடி முதுகுதான்.

காது கேளாதோருக்கான உதவித்தொகையின் முதல் மாதப் பணம் வந்துவிட்டது. அந்த அலுவலகத்து அம்மாவிடம் எல்லாவற்றையும் எழுதியே காட்டச் சொன்னேன். படிப்பு முடியும் வரை மட்டும்தான் தருவார்கள். நடுவில் நான் வேலை பார்ப்பதாகத் தெரிந்தால் அன்றே நிறுத்துவார்கள், வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள். முடிந்ததும் நான் வேலை தேடிக்கொள்ள வேண்டும். நியாயம்தான். ஆனாலும் கையெழுத்துப் போடும்போது கூசியது. கிளம்பும்போது அண்ணன் வேறு, "ஊரார் வரிப்பணத்துல உட்கார்ந்து சாப்பிடப் போற" என்றார். என் முகத்தைப் பார்த்தே சொன்னார், அதனால் உதட்டைப் படித்துவிட்டேன். வேறு பக்கம் திரும்பிச் சொல்லியிருந்தால் அவருக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி.

கைப்பேசியில் செய்தி அனுப்பாதே. குரல் இல்லாமல் நீ எழுதும் நாலு வார்த்தை எல்லாம் உத்தரவு மாதிரியே இருக்கிறது, நமக்குள் சண்டை வருகிறது. கடிதம் எழுது.

உன்
மைனா


ஜூன் 27

அடியே மைனா,

உத்தரவு மாதிரி இருக்கிறதா? என் குரலோடு கேட்டாலும் அது உத்தரவுதான். பதினொரு வருஷம் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தும் இது தெரியவில்லையா?

வீட்டு மனுஷனும் நானும் சௌக்கியம். ஆஸ்பத்திரியும் அதன் தொலைபேசி அறையும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. ஜன்னல் கண்ணாடி இன்னும் மாற்றவில்லை. கண்காணிப்பாளர் உன் நாற்காலிக்குப் புது ஆள் போடப் பார்த்தார். "ஒருத்தரா ரெண்டு பேர் வேலையை எப்படிம்மா பாப்பீங்க?" என்று கேட்டார். "யாராவது குறை சொன்னா அப்ப போடுங்க சார்" என்றேன். அவருக்கும் மேலிடத்தில் போய்க் கெஞ்சுகிற வேலை மிச்சம். சரியென்றுவிட்டார். காது போனதால் நீ நீண்ட விடுப்பில் இருக்கிறாய் என்றுதான் பதிவு. யாரும் முறையிடாத வரைக்கும் நாற்காலி உன்னுடையது.

யாரும் முறையிடப் போவதில்லை. எப்படி என்று கேள். முதல் இணைப்பில் அழைப்பு வந்தால், "தொலைபேசி அறை, ஒண்ணு பேசறேன்" என்று என் தகரக் குரலில் சொல்கிறேன். இரண்டாவதில் வந்தால், ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, உன்னைப் போலக் குழைந்து, "வணக்கம், தொலைபேசி அறை, ரெண்டு பேசறேன்" என்கிறேன். அசல் நீதான்! "கொஞ்சம் இருங்க" என்பதற்கு முன்னால் நீ மூச்சு விடுவாயே, அதைக்கூடப் பிடித்துவிட்டேன். கண் டாக்டர் நேற்று, "என்னம்மா, ரொம்ப நாளா உன் குரலையே காணோமே" என்று விசாரித்தார். "ஊருக்குப் போயிருந்தேன் டாக்டர்" என்றேன். மனுஷன் வாயெல்லாம் பல்லாகியிருப்பார்.

நீ பல்லைப் படி. நாற்காலியை நான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் பேச்சைத் தூக்கிக் குப்பையில் போடு. பதினொரு வருஷம் நீ கட்டிய வரியில் அவரும்தான் ரோட்டில் நடந்தார்.

இப்படிக்கு,
ஒன்றும் இரண்டும் ஆகிய
குண்டூசி


டிசம்பர் 2

அன்புள்ள குண்டூசிக்கு,

போன கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை என்று நீ கரித்துக்கொட்டியிருப்பாய். இங்கே வந்த இந்த ஒன்றரை வருஷத்தில் இப்போதுதான் தலைக்கு மேல் வேலை என்றால் என்ன என்று தெரிகிறது. இது கடைசிப் பருவம். ஆளுக்கு ஒரு முழுச் செட் செய்து காட்ட வேண்டும்.

என் முதல் செட்டைப் பற்றி எழுதினேனே, போட்டவர் சிரித்தால் சண்டைக்கு வருகிற மாதிரி இருந்தது. இப்போது கை படிந்துவிட்டது. மெழுகில் ஈறு செய்து, அதில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, மேல் தாடையும் கீழ் தாடையும் சேருகிறதா என்று இரும்புச் சட்டத்தில் வைத்துத் திறந்து மூடிப் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பல் மயிரிழை உயர்ந்திருந்தாலும் போடுகிறவருக்குச் சோறு இறங்காது. எல்லாரும் வெள்ளை வெளேரென்று கேட்கிறார்களாம். அப்படிப் போட்டால் அறுபது வயது முகத்தில் பல் மட்டும் தனியாக வந்து நிற்கும். கொஞ்சம் மஞ்சள், ஓரத்தில் ஒரு சின்னத் தேய்மானம், முன்பல் ஒன்று இம்மி திரும்பினாற்போல. அப்போதுதான் அது அவருடைய பல். மெழுகைச் சீவ உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரம் போனதே தெரிவதில்லை. கூடத்தில் பல்லை அராவி வழவழப்பாக்கும் இயந்திரம் போடுகிற சத்தத்தில் மற்றவர்களுக்குத் தலைவலி. எனக்கு என்ன?

காதுக்குப் புதுக் கருவி கொடுத்திருக்கிறார்கள். சத்தம் வருகிறது, வார்த்தை வரவில்லை. தொலைபேசியில் ஒருமுறை முயன்று பார்த்தேன். சட்டியில் எண்ணெய் பொரிகிற மாதிரி இருந்தது.

இன்னொன்று. அந்த இரண்டு குரல் விளையாட்டை இன்னும் விடவில்லையா? போதுமே. உனக்கும் தொண்டை கெட்டுவிடும். நாற்காலிக்கு யாரையாவது போட்டுவிடச் சொல்லேன். மற்றதைப் படிப்பு முடிந்து நேரில் பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்,
மைனா


ஜனவரி 21

மைனா,

நாற்காலிக்கு ஆள் போடுவதா? ஒன்றரை வருஷமாக யாரையும் அண்டவிடாமல் காத்து நிற்கிறேன், நீ சர்வசாதாரணமாகச் சொல்கிறாய். படிப்பு முடிந்து நீ வரும்போது தரையிலா உட்காருவாய்? காதுக்குக் கருவி வந்தாயிற்று. இன்னும் கொஞ்ச நாளில் அதைவிட நல்லதாக ஒன்று வரும். அதுவரைக்கும் முன்பு செய்த மாதிரி நான் கேட்டு, எந்த எண் வேண்டும் என்று மேசையில் தட்டிச் சொல்கிறேன். நீ பேசு. உன் காது மந்தமாக ஆரம்பித்த அந்தக் கடைசி வருஷம் அப்படித்தானே ஓட்டினோம்? ஒரு அழைப்பு தப்பியதா?

தொண்டை நன்றாகத்தான் இருக்கிறது. போன வாரம் ஒரு கூத்து. யாரோ ஒரு அம்மா, இரண்டாம் இணைப்பில். உன் பெயரைச் சொல்லி, "அவங்க இருக்காங்களா?" என்று கேட்டாள். உன் பழைய ரசிகை யாரோ என்று நினைத்தேன். "நான்தாங்க பேசறேன்" என்றேன், உன் குழைவோடு. "இன்னும் இங்கதான் வேலை பாக்கறீங்களா?" என்றாள். "பின்ன எங்கம்மா போவேன்? எனக்கு இந்த நாற்காலிய விட்டா வேற கதி ஏது?" என்றேன். "காது இப்ப எப்படி இருக்கு?" என்று அக்கறையாகக் கேட்டாள். "குண்டூசி விழுந்தாகூடக் கேக்கும்" என்றேன். என் பட்டப்பெயரை நுழைத்த சாமர்த்தியத்தில் எனக்கே சிரிப்பு அடக்க முடியவில்லை. நல்ல அம்மா. நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

பார், ஊரில் எத்தனை பேர் உன்னை விசாரிக்கிறார்கள். சீக்கிரம் படித்து முடித்து வா.

காவல் நிற்கும்
குண்டூசி


பிப்ரவரி 10

குண்டூசி,

உன்னை விசாரித்தது ரசிகை இல்லை. உதவித்தொகை அலுவலகத்து அம்மா.

நேற்று எனக்குக் கடிதம் வந்தது. நான் வேலையும் பார்த்துக்கொண்டு தொகையும் வாங்குகிறேனாம். "தொலைபேசியில் நீங்களே அதை உறுதிசெய்தீர்கள், உங்கள் செவித்திறன் முழுமையாக உள்ளதாகவும் தெரிவித்தீர்கள்" என்று எழுதியிருக்கிறாள். தொலைபேசியில்! நான்! படித்துவிட்டு முதலில் சிரித்தேன். அப்புறம் உன் கடிதத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன். சிரிப்பு போய்விட்டது.

இந்த மாதத் தொகை வரவில்லை. விசாரணை முடியும் வரை வராது. ஏமாற்றினேன் என்று முடிவானால் இதுவரை வாங்கியதெல்லாம் திருப்பிக் கட்ட வேண்டும். கடைசிப் பருவக் கட்டணம் கட்டவில்லை என்றால் தேர்வுக்கு உட்கார முடியாது. வாடகைக்கு அண்ணனைத்தான் கேட்க வேண்டும். அவர் கொடுப்பார். கொடுத்துவிட்டு ஆயுள் முழுக்கச் சொல்லிக் காட்டுவார்.

நிறுத்து என்று டிசம்பரிலேயே எழுதினேன். நீ கேட்கவில்லை. காது நன்றாக இருப்பவர்கள்தான் யார் பேச்சையும் கேட்பதில்லை போலிருக்கிறது.

இவ்வளவு நாள் தள்ளிப்போட்டதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். நான் அந்த நாற்காலிக்குத் திரும்பி வரப்போவதில்லை. கருவி எவ்வளவு நல்லதாக வந்தாலும் வரமாட்டேன். நீ கேட்டு, நீ தட்டி, நான் பொம்மை மாதிரி வாயசைத்த அந்தக் கடைசி வருஷம் உனக்கு வேண்டுமானால் இனிப்பாக இருந்திருக்கலாம். எனக்கு ஒவ்வொரு நாளும் கண் கடிகாரத்திலேயே இருந்தது. யாருக்காகக் காவல் நிற்கிறாய் என்று எனக்குப் புரியவில்லை.

மைனா


பிப்ரவரி 24

மைனாவுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

உன் கடிதம் வந்த மறுநாள் விடுப்புப் போட்டு இங்கே இருக்கும் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனேன். காத்திருந்து அந்த அம்மாவைப் பார்த்தேன். நான் நினைத்த மாதிரி கெட்ட அம்மா இல்லை, கண்டிப்பான அம்மா. "போன்ல பேசினது அவ இல்லைங்க, நான்" என்றேன். நம்பவில்லை. "தோழிக்காக வந்து பழியை ஏத்துக்கறீங்க. அன்னைக்கு நான் பேசின குரல் இது இல்ல" என்றாள்.

"உங்க மேசை மேல இருக்கற போன் நம்பரக் கொடுங்க" என்று வாங்கிக்கொண்டு வெளியே தாழ்வாரத்துக்குப் போனேன். அங்கே நாற்காலிகளில் ஏழெட்டுப் பேர். எல்லாருக்கும் நடுவில் நின்று, கைப்பேசியில் கூப்பிட்டு, "வணக்கம், தொலைபேசி அறை, ரெண்டு பேசறேன். பின்ன எங்கம்மா போவேன்?" என்று அன்று சொன்னதை ஒன்று விடாமல் சொன்னேன். உள்ளே வந்தபோது அவள் ரிசீவரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அதை வைத்தாள். அப்புறம், "எதுக்கும்மா இப்படிப் பண்ணீங்க?" என்று கேட்டாள். நடந்ததை எழுதித் தரக் காகிதம் கேட்டேன்.

நான் சொன்னது மட்டும் போதாது, நீ படிக்கப் போனதிலிருந்து வேலைக்கு வரவில்லை என்று ஆஸ்பத்திரி எழுதித் தர வேண்டும் என்றாள். அதற்குக் கண்காணிப்பாளரிடம் எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதாயிற்று. மனுஷன் நிஜமாகவே ஆடிப்போய்விட்டார். "இத்தனை நாளா ரெண்டு குரல்ல பேசி என்னையே ஏமாத்தியிருக்கீங்க" என்றார். "சம்பளம் ஒண்ணுதான் சார் வாங்கினேன்" என்றேன். அது மட்டும் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அலுவலகத்தில் சேர்த்துவிட்டேன். உன் பணம் அடுத்த வாரம் சேர்த்து வரும், கட்டணம் கட்டத் தடை இருக்காது என்று அந்த அம்மா சொன்னாள்.

எனக்கு எச்சரிக்கை ஓலை கொடுத்து, தொலைபேசி அறையிலிருந்து எடுத்து, வாசல் மேசையில் போட்டுவிட்டார்கள். நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு அனுமதிச் சீட்டு எழுதிக் கொடுக்கும் வேலை. இரண்டு நாற்காலிக்கும் புது ஆள் வந்தாயிற்று.

நாற்காலியைப் பற்றி நீ எழுதியதைப் படித்தேன். அதற்கு இப்போது பதில் எழுத என்னால் முடியவில்லை.

குண்டூசி


மார்ச் 15

அன்புள்ள குண்டூசிக்கு,

பணம் வந்துவிட்டது. கட்டணம் கட்டிவிட்டேன். அந்த அம்மா தனியாக ஒரு கடிதம் போட்டு வருத்தம் தெரிவித்திருக்கிறாள். உன்னைப் பற்றியும் ஒரு வரி இருந்தது, "உங்கள் தோழி எங்கள் தாழ்வாரத்தையே கலக்கிவிட்டார்" என்று.

உன் வேலை மாறிப்போனதற்கு நான்தானே காரணம் என்று நினைத்தால் கை ஓடவில்லை. கோபத்தில் எழுதியதில் அந்தப் "பொம்மை" என்ற வார்த்தைக்கு மன்னித்துக்கொள். நீ அன்றைக்குத் தட்டவில்லை என்றால் எனக்கு அந்த ஒரு வருஷச் சம்பளம் கிடையாது, அந்தச் சம்பளம் இல்லையென்றால் என் அம்மாவின் மருந்துச் செலவு என்னவாகியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆனால் வரமாட்டேன் என்று சொன்னதை மாற்ற முடியாது. அதைக் கோபத்தில் சொல்லவில்லை, கோபம் வந்ததால் சொல்ல முடிந்தது, அவ்வளவுதான். காது கேட்காததால் மட்டும் வராமல் இருக்கிறேன் என்று நினைக்காதே. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. அதை உன்னிடம் சொல்லப் பயந்தேன். உன்னை விட்டுவிட்டுப் போகிறேன் என்று நீ எடுத்துக்கொள்வாய் என்று பயந்தேன்.

பதில் எழுது. திட்டியாவது எழுது.

உன்
மைனா


மே 4

குண்டூசி,

மார்ச் கடிதம் கிடைத்ததா? தேர்வு முடிந்தது. வாசல் மேசையில் வெயில் அடிக்கிறதா? உட்கார நல்ல நாற்காலி கொடுத்தார்களா?

மைனா


ஜூலை 6

அன்புள்ள குண்டூசிக்கு,

நீ பதில் எழுதாவிட்டாலும் முதலில் உனக்குத்தான் சொல்ல வேண்டும். தேர்ச்சி பெற்றேன். இந்த ஊரிலேயே ஒரு பல்செட் கூடத்தில் வேலை கிடைத்துவிட்டது. முதல் தேதியிலிருந்து போகிறேன்.

வேலை உறுதியான அன்றே அந்த அலுவலகத்து அம்மாவுக்கு எழுதினேன், இன்ன தேதியோடு தொகையை நிறுத்திவிடுங்கள் என்று. தபாலில் போட்டுவிட்டு வெளியே வந்தேன். அது வந்துகொண்டிருந்தவரை கூச்சம், இனி வராது என்றதும் பயம். இந்த வேலை நிலைக்கவில்லை என்றால்? அப்புறம் பசித்தது, சாப்பிடப் போய்விட்டேன். வாங்கினேன், படித்தேன், முடித்துக்கொண்டேன். இதில் தலைகுனிய என்ன இருக்கிறது என்று இப்போதுதான் கேட்கத் தோன்றுகிறது.

கூடத்தில் நாலு பேர். எனக்கு ஜன்னலோர மேசை. யாருக்காவது என்னிடம் ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மேசை விளக்கை அணைத்துப் போடுகிறார்கள், நான் நிமிர்ந்து பார்க்கிறேன். நேற்று நான் செய்த செட்டைப் போட்டுப் பார்க்க ஒரு அம்மாள் வந்தாள். பல் போன நாளிலிருந்து கையால் வாயை மூடியே பழகியவள். போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். கையைக் கீழே இறக்க அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அப்புறம் மூச்சுவிடாமல் பேச ஆரம்பித்தாள். என்ன பேசினாள் என்று தெரியாது. ஆனால் உதடு எங்கேயும் தட்டவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் எல்லாரிடமும், "என் தங்கச்சி படிச்சு வேலைக்குப் போறா" என்று சொல்லித் திரிகிறாராம். வரிப்பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை.

உன்னிடமிருந்து ஒரு வரி வந்தால் போதும். வராவிட்டால் இனிமேல் தொந்தரவு செய்யமாட்டேன்.

என்றும் உன்
மைனா


ஜூலை 19

அடியே மைனா,

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. வேலை அதிகம் அதனால் எழுதவில்லை என்று பொய் சொல்லமாட்டேன். வாசலில் சீட்டு எழுதுகிறவளுக்கு என்ன வேலை? கோபத்தால்தான் எழுதவில்லை. முதலில் உன் மேல். அது ஒரு மாதத்தில் போய்விட்டது. அப்புறம் என் மேல்.

நீ திரும்பி வரமாட்டாய் என்று எனக்கு முதல் வருஷமே தெரியும். அந்தக் கோணல் செட்டைப் பற்றி நீ எழுதியிருந்த விதத்திலேயே தெரிந்துவிட்டது. பதினொரு வருஷத்தில் ஒரு தொலைபேசி அழைப்பைப் பற்றிக்கூட நீ அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. தெரிந்தும் நாற்காலியைப் பிடித்து வைத்தேன். யாருக்காகக் காவல் நிற்கிறாய் என்று கேட்டாயே, எனக்காகத்தான். நீ இல்லாமல் அந்த அறையில் என்னால் உட்கார முடியவில்லை. உன் குரலில் பேசினால் பக்கத்தில் நீ இருக்கிற மாதிரி இருந்தது. அந்த அம்மா எதற்கு இப்படிப் பண்ணீர்கள் என்று கேட்டபோது இதைச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அழுதுவிடுவேன் என்று வாயை மூடிக்கொண்டேன்.

வாசல் மேசை மோசமில்லை. வெயில் காலையில் மட்டும்தான். ஆட்களின் முகத்தைப் பார்த்துப் பேசுகிற வேலை இப்போதுதான் எனக்கு முதல் தடவை. பழகிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. நான் செய்த கூத்து ஆஸ்பத்திரி முழுக்கத் தெரியும். போன வாரம், உன் நாற்காலிக்கு வந்திருக்கிற புதுப் பெண் சாப்பாட்டு நேரத்தில் என்னிடம் வந்து, "அக்கா, அந்த ரெண்டாவது குரல்ல ஒரு தடவை பேசிக் காட்டுங்களேன்" என்று கெஞ்சினாள். பேசிக் காட்டினேன். "அப்படியே அவங்களேவா?" என்று கேட்டாள். அப்படியேதான் என்றேன். வீட்டுக்குப் போய் வெங்காயம் நறுக்கும்போது திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. அப்படியேதானா? உன் நிஜக் குரலை நினைத்துப் பார்த்தேன். வரவில்லை. நான் பேசிப் பேசிப் பழகிய குரல்தான் வருகிறது. நீ சிரிப்பதை நினைத்தேன், நான் உன்னைப் போலச் சிரிப்பதுதான் கேட்டது. ஒரு வாரமாக முயன்று பார்த்துவிட்டேன், மைனா. உனக்குக் காது போயிற்று, எனக்கு உன் குரல் போய்விட்டது. இதை வெளியில் சொன்னால் சிரிப்பார்கள். வீட்டு மனுஷனிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. "கூப்பிட்டு வரச் சொல்லு" என்றார்.

அதனால் கூப்பிடுகிறேன். வேலைக்குப் போகிறவளுக்கு விடுமுறையும் கொடுப்பார்கள்தானே? ஒரு ஞாயிற்றுக்கிழமை வா. நாற்காலிப் பேச்சு கிடையாது, திரும்பி வா என்று கேட்கமாட்டேன். என் எதிரில் உட்கார்ந்து எதையாவது பேசு. பல்லைப் பற்றியே பேசு, சாயங்காலம் வரைக்கும் பேசு. நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

குண்டூசி